கொட்டச்சேட்டில் சாப்பிட்ட கறி, சேலத்தில் வந்த காய்ச்சல்: கிருமியின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சனிக்கிழமை. சேலத்திலிருந்து எட்டு நண்பர்கள் பைக்கில் ஏற்காடு கிளம்புகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வழக்கமான பாதையில் கூட்டம் இருக்கும் என்று, குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறுகிறார்கள். கொட்டச்சேடு வரும்போது நல்ல பசி. காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் சுடச்சுட சோறு, மிளகு தூக்கலாகப் போட்ட பன்றிக்கறி வறுவல். ஒரு பிடி பிடித்துவிட்டு மேலே போகிறார்கள்.

திங்கட்கிழமை காலை நான்கு பேருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, நிற்காத வயிற்றுப்போக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "அந்த மலைக்கடை போர்க்தான்டா. அப்பவே எனக்கு டவுட்டு." கூகுள் மேப்பில் ஒரு ஸ்டார் ரிவ்யூ. விஷயம் முடிந்தது.

இது நடந்த சம்பவம் இல்லை, ஓர் உதாரணம். ஆனால், உணவால் யாருக்காவது உடம்பு கெட்டால் நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்த எட்டுப் பேரும் ஞாயிறு காலை தங்குமிடத்தில் மயோனைஸ் தடவிய சாண்ட்விச் சாப்பிட்டார்கள். ஏரிக்கரையில் பானிபூரி சாப்பிட்டார்கள். அதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. சந்தேகம் நேராகப் பன்றிக்கறி மேல் போகிறது.

சரி, கறிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி முடியவில்லை. கிருமி எங்கே ஏறியது? பன்றி வளர்ந்த பண்ணையிலா, வெட்டிய இடத்திலா, கொண்டுவந்த ஐஸ் பெட்டியிலா, கடையின் வெட்டுக்கட்டையிலா, மேலே தூவிய மிளகுத்தூளிலா, பரிமாறியவர் கையிலா?

இந்தக் கேள்விக்கு ஊகமாக அல்லாமல், ஆதாரத்தோடு பதில் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. கிருமியின் மரபணுவைப் படித்து, அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பார்ப்பது. உலகில் பல நாடுகள் இதை அன்றாட வேலையாகச் செய்கின்றன. அதற்குத் தேவையான இயந்திரம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அப்புறம் என்ன சிக்கல்? பார்ப்போம்.

பன்றிக்கறியில் என்னென்ன வரலாம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பன்றிக்கறி என்றதும் நம் வீடுகளில் முதலில் சொல்வது "புழு வரும்" என்பது. அது நாடாப்புழு. ஒட்டுண்ணி வகை, வேறு பிரச்சினை. நாம் இங்கே பேசுவது பாக்டீரியா பற்றி.

பன்றியின் குடலிலும் தொண்டைச் சதையிலும் சில பாக்டீரியாக்கள் பன்றிக்கு எந்தத் தொந்தரவும் தராமல் வாழும். முக்கியமானது சால்மோனெல்லா. அடுத்தது எர்சினியா. பிறகு கேம்பைலோபாக்டர். வெட்டும்போது குடல் கிழிந்தாலோ, கத்தியைக் கழுவாமல் அடுத்த பன்றிக்குப் போனாலோ இவை இறைச்சியில் ஏறிவிடும். லிஸ்டீரியா கொஞ்சம் வித்தியாசமானது. அது பெரும்பாலும் இறைச்சி பதப்படுத்தும் ஆலையின் ஈரமான மூலைகளில், வடிகாலில், இயந்திர இடுக்குகளில் குடியேறி, அங்கிருந்து தயாரான உணவில் ஒட்டும்.

இவை பன்றிக்கு மட்டுமே உரியவை என்று நினைக்க வேண்டாம். கோழி, முட்டை, பால், கீரை, மசாலாப் பொடி எதிலும் சால்மோனெல்லா வரலாம். நன்றாக வெந்த பன்றிக்கறி, அரைவேக்காட்டுக் கோழியைவிடப் பாதுகாப்பானது.

ஏற்காடு போன்ற மலை ஊர்களில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "இந்தக் குளிருக்கு எதுவும் கெடாது" என்பது. உணவில் பாக்டீரியா பெருகும் ஆபத்தான வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ். மலையின் குளிர்ந்த மதியமும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. எர்சினியாவும் லிஸ்டீரியாவும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெதுவாகப் பெருகக்கூடியவை. குளிர் அவற்றைக் கொல்லாது.

'சால்மோனெல்லா இருக்கிறது' என்று தெரிந்தால் போதாதா?

போதாது. ஏன் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2022 மே மாதம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நோயாளிகளிடம் ஷிகெல்லா பாக்டீரியா உறுதியானது. கடையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, கோழி ஷவர்மாவில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. மிளகுத்தூளிலும் சால்மோனெல்லா இருந்தது.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். ஷவர்மாவில் இருந்த சால்மோனெல்லாவும் மிளகுத்தூளில் இருந்த சால்மோனெல்லாவும் ஒன்றா? ஒன்று என்றால் கிருமி கோழியிலிருந்து பொடிக்குப் போயிருக்கலாம், அல்லது பொடியிலிருந்து கோழிக்கு வந்திருக்கலாம். வேறு வேறு என்றால் அந்தச் சமையலறையில் இரண்டு தனித்தனி ஓட்டைகள் இருக்கின்றன. "சால்மோனெல்லா பாசிட்டிவ்" என்ற ஒற்றை வரி இதைச் சொல்லாது.

பைக் உதாரணத்தோடு பார்த்தால் சுலபம். விபத்து செய்துவிட்டு ஒரு வண்டி தப்பித்துவிட்டது. சாட்சி "பைக்" என்கிறார். அது சால்மோனெல்லா என்று சொல்வது போல. கம்பெனி பெயரும் மாடலும் சொன்னால் கொஞ்சம் முன்னேற்றம். இதைத்தான் செரோடைப்பிங் என்ற பழைய முறை செய்கிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பார்த்து வகை பிரிப்பது. சால்மோனெல்லாவில் இப்படி 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால், சில வகைகள் எங்கு பார்த்தாலும் இருக்கும். ஊரில் எத்தனை கறுப்பு ஸ்ப்ளெண்டர்!

அடுத்த படி, நம்பர் பிளேட்டின் முதல் பாதி. டி.என்.30 என்றால் சேலம் மேற்கு என்று தெரிகிற மாதிரி. 1998-ல் அறிமுகமான எம்.எல்.எஸ்.டி. என்ற முறை இதைச் செய்கிறது. பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்காமல், அது உயிர்வாழ அத்தியாவசியமான, வழக்கமாக 7 மரபணுக்களில் ஒவ்வொரு சிறு பகுதியை மட்டும் படிப்பார்கள். ஒவ்வொன்றிலும் கிடைக்கிற எழுத்து வரிசைக்கு ஓர் எண் உண்டு. ஏழு எண்களின் சேர்க்கைக்கு ஒரு குடும்ப எண் தரப்படும். எஸ்.டி.6, எஸ்.டி.34 என்பவை அப்படிப்பட்ட எண்கள். உலகின் எந்த ஆய்வகமும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதால், கவுகாத்தியில் கிடைத்ததையும் கோபன்ஹேகனில் கிடைத்ததையும் ஒப்பிடலாம்.

கடைசிப் படி, முழு நம்பரும் சேஸிஸ் எண்ணும். அதுதான் முழு மரபணு வரிசைமுறை. சால்மோனெல்லாவின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 48 லட்சம் எழுத்துகள் இருக்கின்றன. நோயாளியின் மலத்தில் கிடைத்த பாக்டீரியாவையும், கறியில் கிடைத்த பாக்டீரியாவையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார்கள். பாக்டீரியா பெருகப் பெருக அவ்வப்போது ஓர் எழுத்து மாறும். ஆக, 48 லட்சத்தில் இரண்டு, மூன்று எழுத்துதான் வேறுபாடு என்றால் இரண்டும் சமீபத்தில் ஒரே இடத்திலிருந்து பிரிந்தவை. நூற்றுக்கணக்கில் வேறுபாடு என்றால், பெயர் ஒன்றாக இருந்தாலும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

விருந்து பல, சமையல்காரர்கள் பலர், கிருமி ஒன்று

நிஜ வழக்குகளுக்கு வருவோம். 2015 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. அவர்களில் பலர் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு விருந்துகளில் முழுப் பன்றியை வாட்டிச் சாப்பிட்டவர்கள். ஒவ்வொரு விருந்தையும் தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சமையல்காரர் மீதும் பழி விழும். "சரியா வேகவைக்கல" என்று கதை முடிந்திருக்கும்.

ஆனால், நோயாளிகளிடம் எடுத்த சால்மோனெல்லாவின் மரபணு அடையாளம் பொருந்தியது. பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத ரகம் அது. பின்னோக்கிப் போனால் எல்லாப் பன்றிகளும் கிரகாம் என்ற ஊரில் உள்ள ஒரே இறைச்சிக்கூடத்தில் வந்து சேர்ந்தன. அங்கே எடுத்த மாதிரிகளிலும் அதே கிருமி. 192 பேர் பாதிக்கப்பட்ட அந்தச் சம்பவத்தில் சுமார் 237 டன் பன்றி இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. வேகவைத்ததில் குறை இருந்திருக்கலாம். ஆனால், இறைச்சிக்கூடத்தை விட்டுவிட்டுச் சமையல்காரரை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த விருந்திலும் அதுவேதான் நடந்திருக்கும்.

இதற்கும் முன்னோடி டென்மார்க். 1998-ல் அங்கே டி.டி.104 என்ற வகை சால்மோனெல்லா பரவியது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 25 பேர்தான். அவர்களில் இருவர் இறந்தார்கள். மரபணு அடையாளத்தை வைத்துத் தேடியபோது ஓர் இறைச்சிக்கூடம் வழியாக, கடைசியில் ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றது தடம். அந்தக் கிருமி, கடுமையான சால்மோனெல்லா தொற்றுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் குயினோலோன் வகை மருந்துகளுக்கும் சரியாகக் கட்டுப்படவில்லை. பண்ணையில் விலங்குகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் மனிதரின் உயிரோடு எப்படித் தொடர்புடையது என்பதை உலகத்துக்குப் புரியவைத்த வழக்குகளில் இதுவும் ஒன்று.

ஒன்பது குழந்தைகளும் ஒரு ஃபிரிட்ஜும்

தென்னாப்பிரிக்காவில் 2017 ஜனவரி முதல் 2018 ஜூலை வரை 1,060 பேருக்கு லிஸ்டீரியா தொற்று உறுதியானது. 216 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் பிறந்து 28 நாள்கூட ஆகாத சிசுக்கள். கர்ப்பிணியின் உடலில் நுழையும் லிஸ்டீரியா, கருவில் உள்ள குழந்தையைத் தாக்கும்.

மாதக்கணக்கில் காரணம் தெரியவில்லை. லிஸ்டீரியாவின் தந்திரம் அது. சாப்பிட்டு 70 நாள் வரை கழித்துக்கூட நோய் தலைகாட்டலாம். இரண்டு மாதம் முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால், நோயாளிகளின் மாதிரிகளை முழு மரபணு வரிசைமுறைக்கு உட்படுத்தியபோது பத்தில் ஒன்பதுக்கும் மேல் எஸ்.டி.6 என்ற ஒரே குடும்பம். அப்படியென்றால், நாடு முழுக்கப் பரவலாக விற்கும் ஏதோ ஓர் உணவு, ஒரே இடத்திலிருந்து வருகிறது.

2018 ஜனவரியில் திருப்பம் வந்தது. சொவேட்டோவின் கிறிஸ் ஹானி பரக்வானாத் மருத்துவமனைக்கு ஒரே மழலையர் காப்பகத்திலிருந்து ஒன்பது குழந்தைகள் காய்ச்சல், வயிற்றுப்போக்குடன் வந்தார்கள். மருத்துவர்களுக்குச் சந்தேகம். மல மாதிரி எடுத்தார்கள். சுகாதார அலுவலர்கள் காப்பகத்துக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்கள். உள்ளே பொலோனி. பன்றி, கோழி இறைச்சியை அரைத்துத் தயாரிக்கும், சமைக்காமலே ரொட்டியில் வைத்துச் சாப்பிடும் மலிவான உணவு அது. அதில் லிஸ்டீரியா இருந்தது.

அந்தத் தடம் பொலக்வானே நகரில் உள்ள எண்டர்பிரைஸ் இறைச்சி ஆலைக்குக் கொண்டுபோனது. ஆலைக்குள் எடுத்த மாதிரிகளில் அதே எஸ்.டி.6. 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சொலெடி வெளிப்படையாக அறிவித்தார். பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. புதிய நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது. செப்டம்பரில் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, இயந்திரம் மட்டும் இந்த வழக்கை முடிக்கவில்லை. மல மாதிரி எடுக்கச் சொன்ன மருத்துவரும், காப்பகத்துக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்த சுகாதார அலுவலரும் இல்லாவிட்டால் வரிசைமுறைக் கருவிக்குள் போட எதுவும் இருந்திருக்காது.

நிரபராதியைக் காப்பாற்றும் சாட்சி

2011 மே மாதம் ஜெர்மனியில் கொடிய ஈ.கோலி பரவியது. ஸ்பெயின் வெள்ளரிக்காயில் ஈ.கோலி கிடைத்ததாக ஹாம்பர்க் நகர அதிகாரிகள் மே 26 அன்று அறிவித்தார்கள். ஐரோப்பா முழுக்க ஸ்பெயின் காய்கறிகளை வாங்க ஆளில்லை. வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் கணக்குச் சொன்னார்கள்.

சில நாட்களில் விரிவான சோதனை முடிவு வந்தது. வெள்ளரிக்காயில் இருந்ததும் ஈ.கோலிதான். ஆனால், நோயாளிகளைக் கொன்ற வகை அது இல்லை. உண்மையான காரணம் கடைசியில் தெரிந்தது: முளைகட்டிய வெந்தயம். ஜெர்மனியில் மட்டும் 54 பேர் இறந்த அந்தச் சம்பவத்தில், "ஈ.கோலி இருக்கிறது" என்ற பாதித் தகவலை வைத்துத் தீர்ப்பு எழுதியதால் ஒரு நாட்டின் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு நாட்டுக்கே அந்தக் கதி என்றால், கொட்டச்சேட்டுச் சாலையோரக் கடைக்கு என்ன ஆகும்?

பன்றிக்கறி விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. பன்றி வளர்ப்பவர்கள், வெட்டுபவர்கள், விற்பவர்கள் மீது நம் சமூகத்தில் ஏற்கெனவே ஓர் இளக்காரம் இருக்கிறது. உடம்பு கெட்டால் "அதையெல்லாம் சாப்பிட்டா இப்படித்தான்" என்று ஒரே வரியில் சாப்பிட்டவரையும் விற்றவரையும் சேர்த்துத் தீர்த்துவிடுவார்கள். அந்த ஒரு வரி, உண்மையான மூலத்தைத் தேட வேண்டிய அவசியத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது.

மரபணு சொன்னால் அதுவே இறுதியா?

இல்லை. இதிலும் அவசரம் கூடாது. பல நாடுகளில் பன்றிகளோடு தொடர்புபடுத்தப்படும் சால்மோனெல்லா குடும்பம் எஸ்.டி.34. ஆனால், 2022-ல் ஐரோப்பாவில் பல குழந்தைகளைப் பாதித்த எஸ்.டி.34 வந்தது பன்றிக்கறியிலிருந்து இல்லை, பெல்ஜியத்தின் ஆர்லோன் ஆலையில் தயாரான கிண்டர் சாக்லேட்டிலிருந்து. குடும்ப எண்ணை மட்டும் பார்த்து "பன்றிதான்" என்று முடிவு கட்டியிருந்தால் சாக்லேட் கடையிலேயே இருந்திருக்கும்.

முழு மரபணுப் பொருத்தமும் கிருமி எந்தத் திசையில் போனது என்பதைத் தானாகச் சொல்லாது. கறியிலிருந்து சமையல்காரருக்கா, சமையல்காரரிடமிருந்து கறிக்கா? அதற்கு யார், எப்போது, என்ன சாப்பிட்டார்கள் என்ற விசாரணை வேண்டும். கறி எந்த வண்டியில், எந்தத் தேதியில் வந்தது என்ற பதிவு வேண்டும். இவை மூன்றும் ஒரே இடத்தைக் காட்டும்போதுதான் அது ஆதாரம்.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது, என்ன வேண்டும்?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். மேலும் பலர் பாதிக்கப்பட்டார்கள். கடை உரிமையாளரும் சமையல்காரர்களும் கைது செய்யப்பட்டார்கள். மாநிலம் முழுக்கச் சோதனைகள் நடந்தன. 2025 ஏப்ரலில் தமிழக அரசு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா, ஈ.கோலி, லிஸ்டீரியா ஆபத்தை அந்த ஆணை காரணமாகச் சொன்னது.

தடை, ரெய்டு, கைது எல்லாம் உடனடி நடவடிக்கைகள். தேவைப்படும் நேரத்தில் அவை தேவைதான். ஆனால், கிருமி எந்தக் கண்ணியில் நுழைகிறது என்று தெரியாதவரை அடுத்த சம்பவம் வேறு கடையில், வேறு பெயரில் வரும்.

கருவி இல்லையா? இருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் முழு மரபணு வரிசைமுறை வசதி தொடங்கப்பட்டது. கொரோனா திரிபுகளைக் கண்டறிய வந்தது அது. டெல்டா, ஒமைக்ரான் என்று நாம் தினமும் பேசியது இதே தொழில்நுட்பத்தைத்தான். வைரஸைப் படிக்கும் அந்தத் தொழில்நுட்பத்தால் பாக்டீரியாவையும் படிக்க முடியும்.

சட்டம் இல்லையா? அதுவும் இருக்கிறது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 35-வது பிரிவு, உணவு நச்சு சம்பவங்களை மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட வழி செய்கிறது. 65-வது பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது. கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. ஆனால், இழப்பீடு கேட்க, அந்த உணவால்தான் பாதிப்பு என்று காட்ட வேண்டும். அதற்கு மரபணுப் பொருத்தத்தைவிட வலுவான ஆதாரம் அரிது.

முன்னுதாரணம் இல்லையா? அதுவும் உண்டு. நாட்டில் உள்ள சுமார் 90 லட்சம் பன்றிகளில் ஏறத்தாழ 21 லட்சம் அசாமில் மட்டும் இருப்பதாக 2019 கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. பன்றிக்கறி அன்றாட உணவாக இருக்கும் அந்த வடகிழக்குப் பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் ஃபுட்நெட் என்ற கண்காணிப்பு வலைப்பின்னலைத் தொடங்கியது. நோயாளிகளின் மாதிரிகளையும் உணவு மாதிரிகளையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து கிருமிகளைத் தேடுவது அதன் வேலை.

அப்போ சிக்கல் எங்கே? கொட்டச்சேட்டுக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவே உள்ள பாதையில்.

நம் எட்டு நண்பர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாத நான்கு பேரில் இரண்டு பேர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் கிளினிக் போவார், ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு மலத்தில் கிருமியை வளர்த்தெடுப்பது கடினம். நான்காவது ஆள் மருத்துவமனையில் சேர்ந்தாலும் மல கல்ச்சர் எடுத்தால்தான் உண்டு. மறுபக்கம், புகார் போய் அதிகாரிகள் கடைக்கு வருவதற்குள் அந்தக் கறி தீர்ந்திருக்கும். மிச்சம் இருந்தாலும், மாதிரி எடுக்காமல் பினாயில் ஊற்றி அழித்தால் கிருமியோடு சேர்த்து ஆதாரமும் அழிந்துவிடும்.

இன்னொன்று, நோயாளி சுகாதாரத் துறை. கறி உணவுப் பாதுகாப்புத் துறை. பன்றி கால்நடைத் துறை. மூன்று துறைகளும் தங்கள் கையில் இருக்கும் கிருமியை ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டால்தான் 48 லட்சம் எழுத்துகளுக்கு அர்த்தம் வரும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையில் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் முறையாக மல கல்ச்சர் எடுப்பது, வளர்ந்த பாக்டீரியாவைத் தூக்கிப்போடாமல் பாதுகாத்துச் சென்னைக்கு அனுப்புவது, இறைச்சிக்கூடங்களில் அவ்வப்போது மாதிரி எடுத்து அதே பட்டியலில் சேர்ப்பது. இந்த மூன்றில் தொடங்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உடம்பு கெட்டால் முதலில் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். நீங்களாகவே ஆன்டிபயாடிக் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், மூன்று நாளைக்கு மேல் வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள் காத்திருக்கவே கூடாது. "டாக்டர், மருந்து தொடங்கும் முன்பு மல கல்ச்சர் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி.

கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் குறை சொல்லாதீர்கள். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலும் வேலையைக் காட்டும், 6 நாள் கழித்தும் காட்டும். எர்சினியா பெரும்பாலும் 4 முதல் 7 நாள் எடுக்கும். அதனால் ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டதை எழுதிவையுங்கள். உங்கள் ஜிபே ஹிஸ்டரியே பாதி டைரி. கூடச் சாப்பிட்டும் உடம்புக்கு ஒன்றும் ஆகாதவர்கள் எதைச் சாப்பிடவில்லை என்றும் கேளுங்கள். பார்சல் மிச்சம் இருந்தால் மூடி, தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம்.

கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கறியின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பாக்டீரியாக்கள் தாங்காது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பரவாயில்லை, அதுவே தாராளம். ஆனால், பெரிய துண்டுகளின் உள்ளே சூடு போய்ச் சேர நேரம் கொடுங்கள். பச்சைக்கறி வெட்டிய கட்டையில் வெங்காயம் நறுக்காதீர்கள். வறுத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். யாரிடம், எந்தத் தேதியில் கறி வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாளை ஒரு பழி வந்தால், அந்த நோட்டும் உங்கள் கடையில் எடுத்த மாதிரியும்தான் உங்களுக்காகப் பேசும்.

மறுபடியும் அந்த வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவோம். நான்கு பேரில் ஒருவராவது கல்ச்சருக்குக் கொடுத்திருந்தால், கடையில் மிச்சக் கறியையும் மிளகுத்தூளையும் யாராவது மாதிரி எடுத்திருந்தால், தங்குமிடத்தின் மயோனைஸையும் சோதித்திருந்தால், அடுத்த வாரம் குரூப்பில் வேறு ஒரு செய்தி வந்திருக்கலாம். "கறி இல்லடா, சாண்ட்விச்சு" என்று இருக்கலாம். "கறிதான், ஆனா கிருமி வந்தது வெட்டுன இடத்துலருந்து. அங்கருந்து இன்னும் பத்து கடைக்குப் போயிருக்கு" என்றும் இருக்கலாம். முதலாவது செய்தியால் ஒரு கடையின் பிழைப்பு தப்பும். இரண்டாவது செய்தியால் அந்தப் பத்துக் கடைகளில் இன்று சாப்பிட உட்கார்ந்திருப்பவர்கள் தப்புவார்கள்.